காசிம் சயா மேல் ஒரு புகார்

காசிம் சயா போய்விட்டார்.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது யாங்கூனில் இருந்து அவர் மகள் போன். "அத்தா மவுத்தாயிட்டாங்க அக்கா… இன்னைக்கே அடக்கம்."

நான் இருப்பது சிங்கப்பூரில். இப்போதே கிளம்பினாலும் போய்ச் சேர முடியாது. ரயிலில் நின்றுகொண்டே இதை டைப் பண்ணுகிறேன்… எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பர்மாவில் வாத்தியாரை சயா என்போம். ஆனால் நான் அவரிடம் படித்தவள் இல்லை. யாங்கூனில் தாமுவே பகுதியில் அவர் நடத்திய அக்கவுண்டிங் கல்லூரியில் ஆபீஸ் வேலை பார்த்தவள்.

கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு ஹால். நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் வகுப்பு.

தொண்ணூறுகளின் கடைசி அது. யூனிவர்சிட்டி எல்லாம் மூடிக் கிடந்தது. படிக்க வேறு இடமில்லாத பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். சர்டிஃபிகேட் தருவது வெளிநாட்டு போர்டு ஒன்று. அது கையில் இருந்தால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு வேலை கிடைக்கும்.

அந்த போர்டிடம் இருந்துதான் வார்னிங் வந்தது.

உங்கள் மாணவர்கள் ஒரு குறை கூடச் சொல்வதில்லை, எல்லாரும் 'நன்றாக இருக்கிறது' என்றே எழுதுகிறார்கள், இதை நாங்கள் நம்பவில்லை… ஆள் அனுப்பி நேரில் கேட்போம், திருப்தி இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து. இதுதான் விஷயம்.

அவர்களுக்கு எங்கே தெரியும் எங்கள் ஊர் 'ஆநாடே'யைப் பற்றி. எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று எதையும் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது… அதற்கென்று பர்மாக்காரர்கள் வைத்திருக்கும் வார்த்தை அது. அதுவும் சயாவிடம் குறை சொல்வதா? செத்தாலும் மாட்டார்கள்.

ஆனால் காசிம் சயா விடவில்லை. குறை சொல்வதற்கு ட்ரெயினிங் கொடுத்தார். அவரே இன்ஸ்பெக்டர் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்.

"டாய்லெட் எப்படி?"

"நல்லா இருக்கு சயா."

தாழ்ப்பாளே இல்லாத டாய்லெட் அது. உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் நல்லா இருக்காம்.

தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "செல்வி, இதுங்க வாயைத் திறக்காட்டி இதுங்க பரீட்சையே போயிடும்மா…"

இன்ஸ்பெக்‌ஷனுக்கு சிங்கப்பூரில் இருந்து ஒரு சீன அம்மா வந்தார். ஆசிரியர்கள் யாரும் வகுப்பில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பர்மிய மொழியில் பேச, நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சயா தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றதும் வகுப்பில் பேசுவதெல்லாம் ஆபீஸில் கேட்கும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து எல்லாம் நல்லா இருக்கு என்றார்கள். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் தாகேதாவில் இருந்து வரும் மா கின் எழுந்தாள். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண்.

"சயா நடத்துற பாடம் எங்களுக்குப் புரியல. கரும்பலகையைப் பார்த்துக்கிட்டே வேகமாப் பேசிட்டுப் போயிடுறார். கிளாஸ் முடிஞ்சதும் டீக்கடையில உட்கார்ந்து நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துதான் படிக்கிறோம். ரொம்ப நல்லவர்… அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

கொஞ்சம் மெதுவாக நடத்தினால் நல்லது என்கிறாள்… இப்படிச் சொல்லி முடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

அப்போது பிளைவுட்டுக்குப் பின்னால் இருந்து அவர் குரல். தமிழில். அங்கே என்னைத் தவிர யாருக்கும் புரியாத தமிழில்.

"அவ சொன்னதை அப்படியே சொல்லும்மா செல்வி. ஒண்ணையும் விட்டுடாதே."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

யார் பேசியது என்று அந்த அம்மா கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு பிள்ளையாவது வாய் திறந்து உண்மையைச் சொன்னதால் அங்கீகாரம் பிழைத்துக்கொண்டது. ஆனால் மா கின் மறுநாளில் இருந்து வகுப்புக்கு வரவில்லை. குரலைக் கேட்டு அவர் அங்கேயே இருந்தது தெரிந்துபோய்விட்டதே… பரீட்சையோ நெருங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சயா என்னையும் கூட்டிக்கொண்டு தாகேதாவுக்கு பஸ் ஏறினார். வீட்டைத் தேடிப் பிடித்தோம். அவள் அம்மா பதறிப்போய் பாய் விரித்தார். மா கின் தலையைத் தூக்கவே இல்லை.

சயா புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எந்தப் பாடத்துல இருந்து புரியலைன்னு சொல்லு. நாளையில இருந்து அதை வேற ஒரு சயா நடத்துவார். பேசி முடிச்சாச்சு."

அவள் குனிந்தபடியே பக்கங்களைப் புரட்டினாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்.

"முதல் பாடத்துல இருந்து சயா."

சயா சிரித்தார் பாருங்கள்… வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "இத்தனை வருஷமா இதைத்தானேம்மா நடத்திட்டு இருக்கேன்…"

பாடம் நடத்துவது என்றால் அவருக்கு உயிர். அதற்காகத்தான் கல்லூரியே ஆரம்பித்தார். திங்கட்கிழமை புது ஆசிரியர் கரும்பலகை பக்கம் நிற்க, சயா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். அதற்கப்புறம் அவர் சாக்பீஸைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

மா கின் பாஸ் பண்ணினாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அடக்கம். உங்களுக்காக துஆ கேட்க எனக்குத் தெரியாது சயா… எனக்குத் தெரிந்த மாதிரி, ரயிலில் நின்றபடியே கும்பிட்டுக்கொள்கிறேன்.

போயிட்டு வாங்க சயா.