ரிஸ்பாள் வேஷம்

எங்கள் சபையில் பெண்கள் பண்டிகைக்கு வேதாகமப் பெண்களைப் போல் சிறுமிகள் வேஷம் கட்டும் போட்டி நடக்கும். யாருக்கு எந்த வேஷம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். நான்காம் வகுப்பில் இருந்த எனக்குக் கிரீடம் வைத்த எஸ்தர் மேல் ஒரு கண். கையில் வந்ததோ ரிஸ்பாள். மேடையில் கோணி விரித்து உட்கார்ந்து, கம்பால் பறவைகளை விரட்ட வேண்டும். வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. வாய் ஓயாத பிள்ளைக்கு இப்படி ஒரு வேஷமா என்று அம்மா சிரித்தாள். நான் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரம்தான் பெரியம்மாவின் மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். எங்கள் காலனித் தெரு வழியே அந்த லாரிகளை விட்டவர் பஞ்சாயத்துத் தலைவர். மழையில்லாமல் காடெல்லாம் காய்ந்து கிடந்த நேரம். வழி விட்டால் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று பேசி முடித்தார். அப்பா அங்கே வாட்ச்மேன் ஆனது அப்படித்தான்.

பெரியம்மாவுக்குப் புருஷன் இல்லை, இருந்தது அந்த ஒரு பிள்ளை. அரியலூர் ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு எதிரே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம தெருவுல இனிமே லாரி வராதுன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறந்தான் எம்புள்ளய வாங்குவேன்."

சொந்தக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. பிணவறைப் பக்கம் நாய் வந்தால் மட்டும் எழுந்து கல்லெடுத்து விரட்டினாள். துணைக்கு அம்மாவும் நானும் கூட இருந்தோம்.

மறுநாள், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று ரிஸ்பாள் கதையைச் சொன்னேன். நாட்டில் பஞ்சம் வந்தது, அது தீருவதற்காக ஏழு பேரைக் கொல்லக் கொடுத்தார்கள், அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள், அவள் மழை வரும்வரை பாறைமேல் இருந்து பிணங்களை மிருகங்களும் பறவைகளும் தொடாமல் காத்தாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"புடிச்சுக் குடுத்தது யாரு?" என்றாள் பெரியம்மா.

"தாவீது ராஜா."

"அடக்கம் பண்ணுனது?"

"அவருதான் பெரிம்மா. எலும்பெல்லாம் எடுத்துட்டு வரச்சொல்லி மரியாதையாப் பண்ணுனாரு."

"அந்தப் பொம்பள அவங்கிட்ட என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. அவளுக்கு வசனமே இல்ல."

பெரியம்மா என்னையே பார்த்தாள். "நான் கேப்பேன்" என்றாள்.

சாயங்காலம் தலைவர் மாலையோடு வந்தார். பெரியம்மா எழுந்து நின்று கேட்டாள். யாரைக் கேட்டு எங்கள் தெருவில் லாரியை விட்டாய், உன் பிள்ளை நடக்கிற தெருவில் விடுவாயா என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள். அத்தனை சத்தம் அவளிடம் இருந்தது எங்களுக்கே தெரியாது. தலைவர் தலை குனிந்து கைகூப்பி நின்றார். "நீ சொல்றது நாயந்தாம்மா, செஞ்சுடுறேம்மா" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில் பின்வாசலில், சித்தப்பா என்ற முறையில் அப்பா கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிவிட்டார். முதலில் பார்த்தது நான்தான். சந்தோஷமாக ஓடிப்போய்ப் பெரியம்மாவின் சேலையை இழுத்தேன்.

"அப்பா அண்ணன வண்டில ஏத்திட்டாங்க பெரிம்மா. வூட்டுக்குப் போலாம்."

பெரியம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. அதன் பிறகு அன்று அவள் வாயே திறக்கவில்லை.

அப்படியொரு அடக்கத்தை எங்கள் காலனி பார்த்ததில்லை. பந்தல், பேண்டு, வண்டி நிறையப் பூ, எல்லாம் தலைவர் ஏற்பாடு. குழியில் முதல் பிடி மண்ணும் அவர்தான் போட்டார். பெரியம்மா மண் போட மறுத்துவிட்டாள். அவள் அழவும் இல்லை, அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கதை சரியாக முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் இருந்தேன்.

திரும்பி வரும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாவீது ராஜா மாதிரியே பண்ணிட்டாருல்லப்பா தலைவரு?" என்றேன்.

அப்பா கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். பின்னால் லாரியின் ஹாரன் கேட்டது. ஓரமாக வா என்றுகூட அவர் சொல்லவில்லை. கதையில் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, நானே ஒதுங்கி லாரிக்கு வழிவிட்டு நின்றேன்.