பெட்டிக்குக் கீழே கட்டிய வள்ளம்

கடல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் உண்டு என்றால் என் சொந்தக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே நீர்மட்டம் ஏறினால் ஊரைப் போன் போட்டு எழுப்புவது என் வேலை. எப்போதும் நைட் டூட்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோவளத்து ஹோட்டலுக்கு வந்தவன் நான். அப்புறம் இந்த அலுவலகத்தில் வாட்ச்மேன். சும்மா இருக்க முடியாத ஜென்மம் என்பதால், திரையில் ஓடும் நீர்மட்டக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் படித்து இந்த நாற்காலிக்கு வந்தேன். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிற நர்ஸ், டிரைவர், செக்யூரிட்டி அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்: நம் போன் வந்தால் யாரும் சிரித்துக்கொண்டே எடுப்பதில்லை.

பந்தல் போடலாமா?

என் நம்பர் ஊரில் பரவிவிட்டது. துணி காயப்போட, கருவாடு காயப்போட, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஒருநாள் ஒரு தகப்பனார் கூப்பிட்டார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், முற்றத்தில் பந்தல் போட்டால் தண்ணீர் ஏறுமா என்று கேட்டார். கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்து, சாயங்காலம் வற்றம்தான், கடல் உள்வாங்கியிருக்கும், தைரியமாகப் போடுங்கள், தண்ணீர் வராது என்றேன்.

சரி என்றவர் போனை வைக்கவில்லை. பிறகு கேட்டார்: "மாப்பிள வீட்டுக்காரங்க வருவாங்களா அண்ணாச்சி?"

குதித்த கோடு

படகுத்துறையின் முனையில் ஓர் இரும்புக் கம்பம். அதன் தலையில் கீழே பார்த்தபடி ஒரு பெட்டி. தனக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து என் திரைக்கு அனுப்பும். ஒருநாள் விடியும் முன் கோடு திடீரென்று மேலே குதித்து அங்கேயே நின்றது. காற்றில்லை, மழையில்லை. அப்படி வருவதற்கு இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று பெயர். எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை, திருடனைப் போல் சத்தமில்லாமல் வந்து வீட்டுக்குள் ஏறும். போன் செய்தேன். மாதா கோயில் மணி அடித்தது. முதல் வரிசை வீடுகள் காலியாகி, சனம் முழுக்க ஸ்கூலுக்கு ஓடியது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் மரியதாஸை நாலு பேர் கட்டிலோடு தூக்கி, மணலில் தடுமாறிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

விடிந்து பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. மீன் இறக்க வந்த ஸ்டீபன், பெட்டிக்கு நேர் கீழே வள்ளத்தைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். வள்ளத்தின் பலகையைப் பெட்டி தண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"நான் கட்டுனது தப்புதான். ஆனா அண்ணாச்சி, வள்ளத்துக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாத சாதனத்த நம்பியா எங்கள எழுப்புதீரு?"

மன்னிப்புக் கேட்கப் போனது

மறுநாள் டூட்டி முடிந்து மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். முதல் வரிசையில் முதல் வீடு. அவர் மனைவி பிலோமினா சேச்சி அவருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போன நாலு பேரும் பாதி வழியிலேயே திட்டத் தொடங்கி, திரும்பத் தூக்க வராமல் போய்விட்டார்களாம். மதியம்வரை ஸ்கூல் வராந்தாவில் கிடந்திருக்கிறார். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்திருக்கின்றன. மனுஷன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சேச்சி கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "இனி மணி அடிச்சாலும் இவர நான் தூக்க விடமாட்டேன். கடல் வந்தா ரெண்டு பேருமா நனைஞ்சுக்கிடுவோம்."

அதற்குப் பிறகு பகலில் எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று.

அறிவிப்புப் பலகை

அலுவலகத்திலிருந்து வந்து, இங்கே படகு கட்டக் கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஸ்டீபனின் கயிறு அந்தப் பலகையின் காலிலேயே கட்டியிருக்கிறது.

"கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு, செரி. கட்டுறதுக்கு வேற கம்பு எங்க இருக்கு? அதையும் எழுதணும்லா?"

பகல் டூட்டி

ஸ்டீபனோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். கோடு ஏறினால் முதல் போன் அவனுக்கு. பெட்டிக்குக் கீழே வள்ளம் இல்லை என்று அவன் சொன்னால்தான் மணி.

ஒருநாள் காலை, மாற்று ஆள் வரும் நேரம். கோடு ஏறியது. இந்த முறை குதித்து நிற்கவில்லை. மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஏறியது. ஸ்டீபனைக் கூப்பிட்டேன். "வள்ளம் கரையிலதான் கிடக்கு அண்ணாச்சி. கரைதான் கொறஞ்சுக்கிட்டு வருது" என்றான். மணி அடிக்கச் சொல்லிவிட்டு, வந்த ஆளிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஓடினேன்.

பிலோமினா சேச்சி வாசற்படியில் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு யாரு வள்ளம்?" என்றார். எனக்குப் பின்னால் ஸ்டீபன் இடுப்புவரை நனைந்து ஓடி வந்தான். "வள்ளத்த இழுத்து ரோட்டுல போட்டுட்டு வாறேன் சேச்சி, எழும்புங்க" என்றான். மீன்பிடிக்கிறவன் வள்ளத்தை ரோட்டில் போட்டானென்றால் அதற்கு மேல் அந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. சேச்சி காலை மடக்கினார். ஸ்டீபன், நான், போன தடவை தூக்கியவர்களில் இரண்டு பேர், நாலு பேருமாகக் கட்டிலைத் தூக்கினோம். தலையணையை இடுக்கிக்கொண்டு பின்னால் வந்த சேச்சி, தண்ணீர் வராவிட்டால் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டியதும் நீங்கதான் என்று என்னிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கூல் படி ஏறித் திரும்பிப் பார்த்தோம். கடல் அவர்கள் முன்வாசலில் நுழைந்து, அடுக்களைச் சுவரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வெளியேறியது. கட்டில் கிடந்த இடத்தில் நுரை.

வராந்தாவில் இறக்கி வைத்ததும் மரியதாஸ் மெதுவாக எங்களைப் பார்த்தார். அவர் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன். "போன தடவ இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இன்னைக்குக் கொள்ளாம், வலியில்ல... பயலுவ தூக்கிப் பழகிட்டானுவ."

அன்பர்களே, சொன்னது நடக்காவிட்டால் ஏச்சு விழும், நடந்துவிட்டால் ஒரு வீட்டு அடுக்களை போகும், அப்படிப்பட்ட தொழில் இது. எதற்குப் பிரார்த்தனை செய்வது என்று தெரியாமல்தான் தினமும் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறேன்.