சேற்றில் நின்ற எந்திரத்துக்கு வாடகை

2023 பிப்ரவரி 1, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. வானம் மூடியிருந்தது. துளி விழவில்லை, காற்றும் இல்லை. குடவாசலுக்குக் கிழக்கே என் சம்பா வயலில் அறுவடை எந்திரம் சேற்றில் புதைந்தது அப்போதுதான். செயின் வண்டி என்போம் அதை.

எனக்கு இருப்பது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். இரண்டு மா அறுத்தாகிவிட்டது. மீதி நாலு மாவும் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழைக்கு முன் அறுத்தாக வேண்டும். பத்து நாளுக்கு முன்பே மடை வெட்டி வயலைக் காயவிட்டிருந்தேன். மேல்வயல்காரர் தன் தண்ணீரை என் வயல் வழியாக வடித்துவிட்டார். கேட்டதற்கு, "தண்ணி பள்ளத்துக்குத்தானே வரும்" என்றார்.

ஓட்டுநர் முடுக்க முடுக்க, செயின் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை; இறங்கத்தான் செய்தது. இன்னொரு வண்டி வந்து இரும்பு வடம் கட்டி இழுத்து மேலேற்றியபோது மணி நாலு. வண்டியை வாடகைக்கு விடும் தரகர் பைக்கில் வந்து கணக்குச் சொன்னார்.

"ரெண்டு மணி இருபது நிமிஷம் சார். மணிக்கு ரெண்டாயிரத்து எழுநூறு."

"அறுத்தது ஒரு மணி நேரம். அதுக்குத் தர்றேன். மீதி நேரம் வண்டி ஒரு சாண்கூட நகரலையே."

"இன்ஜின் ஓடுச்சுல்ல? டீசலை உங்க மேல்வயல்காரரா ஊத்தினாரு?"

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். "வேலைன்னா விசையை இடப்பெயர்ச்சியால பெருக்கணும். வண்டியோட இடப்பெயர்ச்சி சுழி. எவ்வளவு விசை குடுத்தாலும் பெருக்கினா சுழிதான். நாள் முழுக்கச் சுவத்தைத் தள்ளினா உங்களுக்கு வேர்க்கும். ஆனா சுவர் மேல செஞ்ச வேலை ஒண்ணுமில்ல" என்றேன்.

தரகர் ஓட்டுநரிடம் திரும்பினார். "கேட்டியாப்பா, நீ வேலையே செய்யலையாம்." பிறகு என்னிடம், "சார், நீங்க முப்பத்தோரு வருஷம் அதே கிளாஸ்ல அதே நாற்காலியில உக்காந்திருந்தீங்க. சம்பளம் வேணாம்னு சொன்னீங்களா?"

"நான் உக்காந்து பாடம் நடத்தினதே இல்ல. நின்னுதான்."

"நின்ன இடத்துலதானே?"

வரப்பில் நின்ற மேல்வயல்காரர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

ஒரு மணி நேரத்துப் பணத்தை மட்டும் எண்ணிக் கொடுத்தேன். தரகர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க சார். மிச்சத்தை உங்க ஃபார்முலாவ வச்சே அறுத்துக்குங்க."

எங்கள் பக்கம் வண்டி முறை வைத்துத்தான் வரும். முறை தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எனக்கு அடுத்த முறை மேல்வயல்காரருடையது. அவர் வயல் காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. அந்த ஈரமெல்லாம் என் வயலில்தானே இருந்தது. இருட்டுவதற்குள் அவருக்கு அறுத்து முடித்துவிட்டார்கள்.

மறுநாள் விடியலில் மழை பிடித்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் ஊறி, கிடந்த இடத்திலேயே முளைவிட்டது. நாற்பது மூட்டை வரவேண்டிய நாலு மாவில், மயிலாடுதுறைப் பக்கமிருந்து வேறு வண்டி பிடித்து அறுத்தபோது தேறியது பதின்மூன்று.

நான் சொன்ன சூத்திரம் தப்பில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. செயின் சேற்றைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டே இருந்தது. சேறு இடம்பெயர்ந்தது, ஆகவே சேற்றின் மீது வேலை நடந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் வண்டி பிடித்தது நெல் அறுக்க, சேறு இறைக்க அல்ல. இதைச் சொல்லலாமென்றால் கேட்பதற்கு ஆளில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "சார், இடப்பெயர்ச்சி எப்படி இருக்கு?" என்கிறார்கள்.

அடுத்த அறுவடைக்கு அதே தரகரிடம்தான் போனேன். பக்கத்தில் அவர் வண்டிகளை விட்டால் வேறு வண்டி இல்லை. "பழைய பாக்கி மூவாயிரத்து அறுநூறு சார். அப்புறம் முறை" என்றார். கொடுத்தேன். நட்டமான இருபத்தேழு மூட்டை, மூட்டை ஆயிரத்து இருநூறு வீதம் முப்பத்திரண்டாயிரத்து நானூறு. இதையும் கூட்டினால், நகராத அந்த ஒரு மணி இருபது நிமிடத்துக்கு நான் கொடுத்தது முப்பத்தாறாயிரம் ரூபாய்.