ரயில் இல்லாத நேரத்தில் வரவும்

அல்வாலில் அந்த முதியோர் இல்லத்தில் இன்சார்ஜ் சிஸ்டராக நான் சேர்ந்த முதல் நாள், முதலாளி ராவ் சார் என் கையில் கொடுத்தது ரயில்வே டைம்டேபிள். மருந்து சார்ட்டும் சாவிக்கொத்தும் மறுநாள்தான் வந்தன.

"ட்ரெயின் டைம்லோ விசிட்டர் வத்து, சிஸ்டர்," என்றார். ரயில் நேரத்தில் யாரையும் உள்ளே விடாதே என்று அர்த்தம். காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தண்டவாளம். வண்டி போனால் பின்பக்க அறைகளில் டம்ளர் ஆடும். அதனால் இடம் பார்க்க வருகிறவர்களை இரண்டு வண்டிகளுக்கு நடுவே வரவழைத்து, மார்பிள் தரை, கைப்பிடி வைத்த பாத்ரூம், லிஃப்ட் எல்லாம் காட்டி அனுப்பிவிட வேண்டும். வந்து சேர்ந்தபின் தானாகப் பழகிவிடுவார்கள் என்பது சாரின் சித்தாந்தம்.

ஹைடெக் சிட்டி பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் வரிசையாக அமெரிக்கா போனார்கள். எங்கள் போன் ஓயாமல் அடித்தது. அப்படித்தான் ஹப்சிகுடாவிலிருந்து பிரகாஷ் வந்தார். சாஃப்ட்வேர் வேலை, இரண்டு வருஷம் அமெரிக்காவில் ஆன்சைட். கூடவே அப்பா ஏழுமலை, மனைவியை இழந்து மகனோடு ஃப்ளாட்டில் இருந்தவர். என்ன வேலை பார்த்து ரிட்டயரானார் என்று நான் கேட்கவில்லை. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, இவ்வளவுதான் எங்கள் கேள்விகள்.

"நாலு ஹோம் பார்த்தாச்சு சிஸ்டர். எதைக் காட்டினாலும் நக்கோங்கிறாரு," என்று பிரகாஷ் என்னிடம் தனியாகச் சொன்னார். நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம் என்று அர்த்தம். "அவரு மனசார சரின்னு சொல்லாம நான் ஃப்ளைட் ஏற மாட்டேன். ஆஃபரை விட்டுடுவேன்."

சொன்னால் செய்துவிடுகிற முகம். எனக்கு அந்தப் பிள்ளையை அப்போதே பிடித்துவிட்டது. எப்படியாவது இவர்களுக்கு இங்கே அமைய வேண்டுமே என்று இருந்தது.

மார்பிள் தரையைக் காட்டினேன். "நக்கோ, வழுக்கும்," என்றார் பெரியவர். டிவி ஹாலுக்கும் நக்கோ. தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலியாக இருந்தது பின்பக்கத்து அறை ஒன்றுதான். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். "ரொம்ப அமைதியான ரூம் ஐயா," என்று சொல்லி வாயை மூடவில்லை, ஹார்ன் கேட்டது.

டைம்டேபிள்படி அப்போது வண்டியே கிடையாது. ஆனால் கூட்ஸ் வண்டிக்கு ஏது டைம்டேபிள்? அது பெரும்பாலும் ராத்திரியில் போனதால்தான் நாங்கள் அதுவரை பிழைத்தோம்.

கட்டில் அதிர்ந்தது. போச்சுடா என்று நினைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி மெனு சொல்ல ஆரம்பித்தேன். இட்லியும் பெசரட்டும் யார் காதிலும் விழவில்லை. பெரியவர் என்னை ஓரமாக நகர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்தார். ஒவ்வொரு வேகனின் சக்கரத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். கடைசியில் பிரேக் வேன் வந்ததும், தோளில் கிடந்த துண்டை வெளியே நீட்டி ஆட்டினார். வேனில் நின்ற கார்டு ஒரு கணம் விழித்தார். பிறகு பச்சைக் கொடியை எடுத்துத் திருப்பி ஆட்டினார்.

"ஆல்ரைட்," என்றார் பெரியவர், வண்டி போன திசையைப் பார்த்து.

"அப்பா கூட்ஸ் கார்டா இருந்தாரு சிஸ்டர்," என்றார் பிரகாஷ். "வண்டி கடக்குறப்போ ஏதாவது தொங்குதா, புகையுதா, கடைசிப் பெட்டி வந்துச்சான்னு நின்னு பார்த்து சிக்னல் காட்டணும். அது அவங்க ரூல்." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "இந்தச் சத்தத்துல எப்படிப்பா தூங்குவ?"

"உன் ஃப்ளாட்லதான்டா தூக்கம் வரல. ஒரு சத்தமும் இல்லாம எழவு வீடு மாதிரி இருக்கு. எனக்கு இந்த ரூமே போதும். நீ நிம்மதியா ஊருக்குப் போ." என்னைப் பார்த்தார். "ஜன்னலைச் சாத்துறது மட்டும் நக்கோ, சிஸ்டரம்மா."

பிரகாஷ் சிரிக்கத்தான் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கொஞ்ச நாளில் பின்பக்கத்து ஜன்னல்களிலெல்லாம் துண்டுகள் ஆடின. வங்கி மேனேஜர், பள்ளிக்கூட டீச்சர், எல்லோரும் சக்கரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ராவ் சார் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏமிட்டி இதி?" என்று தலையைச் சொறிந்தார். டைம்டேபிளைச் சாப்பாட்டு ஹாலில் மாட்டிவிட்டு, ரயில் நேரத்திலேயே விசிட்டர்களை வரச் சொன்னேன். இடம் பார்க்க வருகிறவர்களிடம் என் முதல் கேள்வியும் மாறியது. "அப்பா என்ன வேலை பார்த்தாரு? எங்க இருந்தப்போ நல்லா தூங்கினாரு?" சுகரும் பிரஷரும் அதற்குப் பிறகுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார். செல்போனைப் பெரியவரிடம் கொடுத்தேன்.

"நல்லா இருக்கேன்டா. வெச்சிடு, வண்டி வருது."

போனை என் கையில் திணித்துவிட்டுத் துண்டைத் தேடினார். பிரகாஷ் வைக்கவில்லை.

"அப்படியே ஜன்னல்கிட்ட பிடிங்க சிஸ்டர்," என்றார்.

பிடித்தேன். கடைசிப் பெட்டி கடக்கும்வரை மூன்று பேரும் கேட்டோம்.