மே மாதம் நிரப்பிய கட்டம்

ஆம்பூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். ஒவ்வொரு மே மாதமும் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகங்கள் வந்ததும் ஒரு வேலை செய்வேன். ஜூனில் பெற்றோர் கூட்டம் அலுவலகத்தை மொய்க்கும் என்பதால், யாருடைய பெயரும் எழுதாத வெற்றுத் தாள்களில், நாட்டினம் என்ற கட்டத்தில் மட்டும் 'இந்தியன்' என்று புத்தகம் முழுக்க எழுதி வைத்துவிடுவேன். பெண் பிள்ளைகளுக்கும் 'இந்தியன்'தான். எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். சாதிக்கும் பிறந்த தேதிக்கும் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். இந்தக் கட்டத்துக்கு எதையும் புரட்ட வேண்டியதில்லை என்று நினைத்தோம்.

ஊருக்கு வெளியே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். அவர்களுக்கும் அதே புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தேன்.

அப்படி வாங்கிப் போனவர்களில் ஒரு பெண், பத்தாவது முடித்ததும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தாள். நன்றாக வேலை செய்தாள் போலிருக்கிறது. சில வருடங்கள் கழித்து, வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பக் கம்பெனி சிலரைத் தேர்ந்தெடுத்தபோது அவள் பெயரும் இருந்தது. என் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். விசாரணைக்கு வந்தவர்கள் முகாம் முகவரியையும் 'இந்தியன்' என்ற சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அகதி பொய் சொல்லி இந்தியராகப் பதிந்திருக்கிறார் என்று கோப்பு திறந்தார்கள்.

அதிகாரி ஒருவர் பள்ளிக்கு வந்தார். பெண்ணின் அப்பாவையும் வரவழைத்திருந்தார். பெயின்ட் கறை படிந்த சட்டையோடு அவர் கதவோரம் நின்றார்.

"இந்தியன்னு யார் சொல்லி எழுதினீங்க சார்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. வெற்றுத் தாளில் முன்கூட்டியே எழுதி வைப்பேன் என்று சொன்னால், அந்த ஒரு தாளோடு நிற்காது. எல்லாப் புத்தகங்களையும் எடுக்கச் சொல்வார்கள்.

"தகப்பனார் சொன்னதைத்தான் எழுதினோம்" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா. என்ன நாடு எண்டு என்னை ஒருத்தரும் கேக்கவேயில்லை" என்றார் அவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னதையே எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். பொய்த் தகவல் கொடுத்ததாக அவர் மேல் வழக்கு வந்தது. வெளியூர் போய் பெயின்ட் அடிக்க முகாமில் தந்த அனுமதி நின்றது. வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தார். கடைசியில் வழக்கு தள்ளுபடியாயிற்று என்று கேள்விப்பட்டேன். அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். என் காகிதம் கோப்பிலேயே இருக்கும் என்பதை நான் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

இப்போது நாடெங்கும் குடியுரிமைச் சட்டம் பற்றிப் பேசுகிறார்கள். காலையில் என்னோடு நடக்க வருபவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். நாற்பது வருடத் தோஸ்த். ஒவ்வொரு நாளும் அவருக்கும் எனக்கும் இதில் சண்டைதான்.

"அங்க சண்ட முடிஞ்சி எத்தினி வருசம் ஆச்சி? கெளம்ப வேண்டியதுதானே. நம்ம ஆளுங்களுக்கே இங்க எடம் பத்தல" என்பார்.

"இங்கேயே பொறந்த பிள்ளைய எங்கய்யா அனுப்புவ?" என்பேன். மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்த சட்டம், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்களை விட்டுவிட்டதே என்று கேட்பேன். சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொல்வேன். "வாத்தியார்கிட்ட வாய் குடுத்தது என் தப்பு" என்று அவர் கையெடுத்துக் கும்பிடுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இதைக் கேள்விப்பட்டு ஊரில் படிப்பகம் நடத்துபவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். கீழே இறங்கியதும் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"சார், என்ன ஞாபகம் இருக்கா?"

"எந்த பேட்ச்மா?"

"முகாம் பேட்ச் சார்."

முகம் தெரிந்துவிட்டது. அவள் கோபமாக இல்லை. "நல்லா பேசுனீங்க. பக்கத்துல ஒரு அம்மா கண்ணத் தொடச்சிக்கினாங்க" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறாள். குடும்பத்தார் பொய்த் தகவல் கொடுத்தவர்கள் என்று கோப்பில் இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். அந்த எழுத்து பள்ளி எழுதியதுதான், அப்பா சொன்னது அல்ல என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மறுபடி எடுத்துக்கொள்வார்களாம்.

"மேடைல சொன்னீங்க இல்ல சார். அதுல பாதி நோட்டரிகிட்ட வந்து சொன்னா போதும்."

"பாக்கலாம்மா" என்றேன்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவள் எண் போனில் வந்தால் எடுக்க மாட்டேன். எடுக்காவிட்டால் அடுத்து எப்போது வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். தப்பித் தவறி எடுத்தபோது, ஒரு தரம் முழங்கால் வலி என்றேன். ஒரு தரம் மனைவிக்கு வேலூர் பாகாயத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். நடக்கப் போனால் பாதி வழியில் திரும்பினேன். வீட்டுக்குள் வந்தால் மறுபடி செருப்பை மாட்டினேன். "இன்னா ஆச்சி உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

வங்கி மேலாளரிடம், யாரோ ஒரு வாத்தியாருக்கு நடந்தது போலச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"யாரோ இல்ல, நீதான். கையெழுத்து போட்டுடாத. பென்சன்ல கை வெப்பாங்க. இந்த வயசுல இன்னாத்துக்கு பேஜாரு?"

நான் கேட்க நினைத்த பதிலை அவர் சொல்லிவிட்டார். அன்று எங்களுக்குள் சண்டையே வரவில்லை. தினமும் அவரை மடக்கிய நான், எனக்கு ஏதாவது போகும் என்ற இடத்தில் அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி விடுமுறை அன்று, அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தேன். 'அலுவலகக் கவனக்குறைவால் ஏற்பட்ட எழுத்துப் பிழை' என்று இருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"இதுல தப்பு பண்ணது யாருன்னே இல்லியே சார்."

"பிழைன்னு ஒத்துக்கிட்டேனேம்மா."

"அப்பா சொன்னாருன்னு எழுதிக் குடுத்தீங்களே, அத யாரு ஒத்துக்கறது? இது உங்களத்தான் சார் காப்பாத்துது. அத காட்டிக் கேப்பாங்க, நான் இன்னா சொல்றது?"

"அதை எழுதினா என் மேல கேஸ் வரும்."

"எங்க வூட்டுக்கும் வந்துச்சே சார். வாய்தா வாய்தான்னு போயி, கோர்ட் டீக்கடக்காரரு எங்கப்பாவ மாமான்னு கூப்ட ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு தாள் எடுத்தேன். மே மாதத்தில் நான் என்ன செய்வேன் என்று எழுதினேன். தகப்பனார் எதுவும் சொல்லவில்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதினேன். மறுநாள் அவள் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தாள். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "யோசிச்சிதான் போடறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவள் போனை நீட்டினாள். "அப்பா" என்றாள்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான் ஐயா" என்றார் அவர். "நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை." பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

இப்போது எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. பத்திரத்தில் எழுதியதை அதிகாரி முன்னால் நேரில் சொல்ல வேண்டும். என் ஓய்வூதியம் என்னவாகும், அவள் மனு என்னவாகும், இரண்டும் தெரியவில்லை. வியாழக்கிழமை நானே பஸ் பிடித்துப் போய்விடுவேன் என்று அவளிடம் சொன்னேன்.

"பரவால்ல சார், லீவு சொல்லிட்டேன். கூட வர்றேன்" என்றாள்.

துணைக்கு வருவதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நான் பாதி வழியில் திரும்பிவிடுவேனோ என்று அவள் பயப்படுகிறாள். பயப்பட அவளுக்குக் காரணம் இருக்கிறது.