இடப்பக்கம் இருந்த மலை

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய வருடம், தேரடித் தெரு வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தேன். அங்கே ஓர் ஆட்டத்தில், புதையல் குகைக்குப் போக வீரன் மலையைச் சுற்ற வேண்டும். ஆனால் மலையை இடக்கைப் பக்கம் வைத்துத்தான் நடக்க முடியும். மலையையே சாமியாக வலம் வரும் எங்கள் ஊரில் யாரும் அப்படி இடமாகச் சுற்ற மாட்டார்கள். சுற்றினால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கல்யாணமான பிறகு, மைத்துனர் பழைய கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். அதே ஆட்டம். இந்தத் தடவை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மலை வந்ததும் வீரனை அப்படியே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் எட்டு மாத வயிற்றோடு மனைவி இருந்தாள்.

“ஏன் நின்னுட்டீங்க?”

காரணத்தைச் சொன்னேன்.

“அய்ய, டிவிக்குள்ள இருக்கறதும் நம்ம மலையாங்க? குடுங்க இங்க” என்று ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி, வீரனை நாலு அடி நடக்கவிட்டாள். நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மெதுவா சிரிம்மா, குலுங்குது.”

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் குழந்தை அழும் சத்தம் கேட்கும்வரை, அந்த நாலு அடி என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.