ஆயில் குறையுது அக்கா

என் தம்பி பயந்தவன். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்வேன், அவனும் மறுக்கமாட்டான். யாராவது கதவைத் தட்டினால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரமாக அவனிடம் ஒரு பயம் இருந்தது. வண்டி இன்ஜினில் ஆயில் குறைந்துபோகுமோ என்கிற பயம்.

எங்கள் தொழில் கண்ணாடி. ஜன்னலோ கதவோ கடை முகப்போ, அளவெடுப்பது, வெட்டுவது, பொருத்துவது எல்லாம் நான். உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன். அதற்கு ஒரு டீசல் பிக்கப். பின்பக்கத் தொட்டியில் சாய்வான இரும்புச் சட்டம் ஒன்றை வெல்டிங் வைத்து நிறுத்தியிருக்கிறோம். கண்ணாடியை அதன்மேல் சாய்த்து, நடுவில் ரப்பர் கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். அந்த வண்டி ஓடினால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். நின்றால் இரண்டு வீடும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி உட்கார்ந்தும் இருக்கிறோம். எங்களுடைய முதல் வண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. அந்த விளக்கு சும்மா சும்மா எரியும், கண்டுகொள்ளாதே என்று வண்டியை விற்றவர் சொல்லியிருந்தார். இவனும் நம்பி, அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம் என்று மிதித்திருக்கிறான். பாதி வழியில் உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நான் வாடகை வண்டிக்காரர்களிடம் பல்லைக் காட்டினேன், அவன் ஊரார் வண்டிகளைக் கழுவினான். ஒருநாள் அவன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். "தூக்கத்துல கூட விளக்கு எரியுது, விளக்கு எரியுதுன்னு கத்துறாரு அண்ணி. பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு."

நானும் அவனும் சேர்ந்து எப்படியோ இரண்டாவது வண்டியை வாங்கினோம். சாவியைக் கையில் வாங்கும்போது அவன் சிரிக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா நாம அவ்வளவுதான் அக்கா" என்றான். நல்ல நாளும் அதுவுமாக இப்படிப் பேசுகிறானே என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த ஆயில் பயம். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்குவான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவான், துணியால் துடைப்பான், மறுபடி விட்டு எடுப்பான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஆயில் இருந்தால் போதும். எல்லோருக்கும் போதும், இவனுக்குப் போதாது. மேல்கோட்டைத் தொட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். சாலையில் நிறுத்தி ஒரு தடவை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை. கண்ணாடிக் கிடங்கில் அவனுக்குக் கம்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன கம்பி, இன்னைக்கு எத்தனை தடவை உருவின?" என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சரக்கு இறக்கும்போது இன்ஜினை அணைக்கமாட்டான். அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்று பயம். நான் பின்னால் ஏறிக் கயிற்றை அவிழ்க்கும்போது வண்டி கீழே தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

எங்கள் மெக்கானிக் பொறுமைசாலிதான், ஆனால் வாய்க்கொழுப்புக்காரர். எந்த ஆயில் போடுவது என்று தம்பி போய் நின்றால் அவருக்கு அரைநாள் போய்விடும். கெட்டி ஆயில் நல்லதா, இளகின ஆயில் நல்லதா? விலை கூடின சிந்தெட்டிக் போட்டால் இன்ஜின் அதிகநாள் வருமா? பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறதே, புழுதியில் ஓடுகிற வண்டிக்கும் அதே கணக்கா?

"புழுதின்னா கொஞ்சம் முன்னாடியே மாத்து. ஏழாயிரத்துல மாத்திக்க, போதும். கெட்டி ஆயில் வேணாம். காலையில குளிர்ல அது மேல ஏறுறதுக்குள்ள இன்ஜின் காய்ஞ்சு ஓடும். கம்பெனி என்ன சொல்லியிருக்கானோ அதையே ஊத்து, அளவா ஊத்து."

"அளவுக்கு மேல கொஞ்சம் இருந்தா நல்லதுதானேண்ணே?"

"சோறு நல்லதுன்னு மூக்கு வழியா திணிப்பியா?"

இவன் ஏழாயிரத்தை ஐந்தாக்கினான், ஐந்தை மூன்றாக்கினான். ஆயில் கடைக்காரர் இவனைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்தார்.

பிறகு தம்பி வீடு மாறினான். புது வீடு ஏற்றமான தெருவில். வாசலில் நிறுத்தினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். குடிபோன மறுநாள் காலையிலேயே எனக்குப் போன். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, ஆயில் குறையுது."

"எவ்வளவு?"

"கம்பி நுனியிலதான் ஒட்டுது. நேத்து பழைய வீட்டுல நிறைய இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா குடிச்சிருச்சு."

மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. "உனக்குக் குறையுறது ஆயில் இல்லடா, தைரியம்" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் மெக்கானிக்கிடம் போவதையும், நாலு பேர் பார்க்கச் சாலையில் கம்பியை உருவுவதையும் நிறுத்திவிட்டான். காலையில் கம்பியைப் பார்ப்பது, யாருக்கும் தெரியாமல் ஒரு டம்ளர் ஊற்றுவது, வாயை மூடிக்கொண்டு கிளம்புவது என்று ஆகிவிட்டது. மெக்கானிக் வேண்டாமென்ற கெட்டி ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறான். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் தீராதாம்.

வண்டி வேகம் எடுக்கவில்லை. பின்னால் நீலமாகப் புகை வந்தது. உள்ளே உட்கார்ந்தால் எண்ணெய் கருகுகிற நாற்றம். "பாத்தியா, ஆயிலைத் தின்னுது" என்று அவன் கிசுகிசுப்பான், இன்ஜின் காதில் விழுந்துவிடப் போகிறது என்பதுபோல. அவனுடைய பயம் மெல்ல மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டது. பேசிக்கொண்டே போகும்போது இன்ஜின் கொஞ்சம் சத்தம் மாறினால் இருவரும் சட்டென்று வாயை மூடிவிடுவோம். என் கண்ணும் அந்தச் சிவப்பு விளக்கு இருக்கும் இடத்துக்கே போகும். இது நின்றால் மறுபடி அந்த மாதங்கள்தான்.

அப்புறம் ஒருநாள் காலையில் அவன் சிரித்துக்கொண்டு வந்தான். "அக்கா, நேத்து மேல்கோடு வரைக்கும் வந்துருச்சு. நேத்து பார்த்த அளவு இன்னைக்கும் அப்படியே இருக்கு. இனிமே பயமில்ல." அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

அன்றைய சரக்கு ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடி. ஆள் உயரத்துக்கும் மேல், தடித்த கண்ணாடி. கடை வாசலில் சமதரையில் வண்டியை நிறுத்தினான், வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டான். கடை ஆட்கள் இரண்டு பேர் கதவைக் கழற்றி வைக்க உள்ளே போனார்கள். நான் பின்னால் ஏறி, கையுறை மாட்டிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்தேன். கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு அவன் வருவதற்காக நின்றேன். எனக்கும் வண்டியின் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

இன்ஜின் சத்தம் ஏறியது. அவன்தான் மிதிக்கிறான் என்று நினைத்து, "என்னடா பண்ற?" என்று கத்தினேன். சத்தம் நிற்கவில்லை. இன்னும் ஏறியது, இன்னும், இன்னும். ஒரு இன்ஜின் அப்படி அலறி நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பித் தெருவையே மூடிவிட்டது. "சாவியை எடுத்துட்டேன்! சாவியை எடுத்துட்டேன், நிக்கமாட்டேங்குது!" என்று அவன் அலறுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

வண்டி கிடுகிடுவென்று ஆடியது. அந்த ஆட்டத்தில் கண்ணாடி சட்டத்தை விட்டு என் பக்கம் நகர ஆரம்பித்தது. எடை முழுக்க என் கையில். விட்டால் என்மேல்தான் விழும், குதிக்கவும் வழியில்லை. கூப்பிட வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போனது. கடை ஆட்கள் தெருக்கோடிக்கு ஓடுவது கண்ணாடி வழியாக மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவுதான், செத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. தம்பி வண்டியிலிருந்து குதித்தான். இவனும் ஓடப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறி என் பக்கத்தில் நுழைந்தான், தோளைக் கண்ணாடிக்குக் கொடுத்தான். அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "கையை விடாதக்கா, கையை விடாதக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழே எங்கள் இன்ஜின் தன்னைத்தானே அடித்துக்கொண்டு சாவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றோம். கடைசியில் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். வண்டி ஒருமுறை உதறியது. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த அமைதி அலறலைவிடப் பயங்கரமாக இருந்தது.

கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. கடை ஆட்கள் திரும்பி வந்து இறக்கினார்கள். தரையில் கால் பட்டதும் எனக்கு வந்தது ஆத்திரம்தான். அவனைத் தெருவென்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உள்ளயே உட்கார்ந்து ஏதாவது பண்ணி அதை நிறுத்தக்கூடாதா? போட்டது போட்டபடி குதிச்சு ஓடி வந்துட்ட! இப்ப சோத்துக்கு எங்கடா போறது, பயந்தாங்கொள்ளி?" அவன் நடைபாதையில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கின் கொட்டகையில் போட்டோம். அவர் கம்பியை உருவினார். மேல்கோட்டையும் தாண்டி, பிடிக்குப் பக்கம் வரை கறுப்பாக ஆயில். அவர் சிரிக்கவில்லை. "எங்க வச்சு அளவு பார்த்த?" என்றார்.

"வீட்டு வாசல்லண்ணே."

"அந்த ஏத்தத்துலயா?"

மூக்கு தூக்கி நின்றால் ஆயில் பின்பக்கமாக ஓடிவிடும், கம்பி தொடுகிற இடத்தில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும் என்றார். குறையாத ஆயிலுக்கு இவன் தினமும் ஊற்றியிருக்கிறான். மிதமிஞ்சிய ஆயிலை இன்ஜின் கடைந்து, நுரையாக்கி, காற்று இழுக்கும் வழியாக உள்ளே இழுத்து, டீசலுக்குப் பதில் அதையே எரித்து ஓடியிருக்கிறது. அப்புறம் சாவியை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன. தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நானேதான் கொன்னிருக்கேன்" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கும் மனசு ஆறவில்லைபோல. "ஏண்டா, டீசல் வண்டி இப்படிக் கைமீறிப் போனா என்ன பண்ணணும்னு உன் முதல் வண்டியப்பவே சொல்லிக் கொடுத்தேனே? டாப் கியர்ல போடு, பிரேக்கை மிதி, கிளட்ச்சை விடுன்னு. வண்டி ஒரு குதி குதிக்கும், இன்ஜின் அடைச்சு நின்னுரும். ரெண்டு நொடி வேலை. இன்ஜின் பொழைச்சிருக்கும். பயத்துல மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே" என்றான் தம்பி. "கியரைப் போட்டுட்டேன். பிரேக்லயும் கால் வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"சைடு கண்ணாடியில பார்த்தேன். கயிறு அவிழ்ந்து கிடந்துச்சு. அக்கா பின்னால நின்னுட்டு இருந்தா." அவன் என்னைப் பார்க்காமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டி குதிக்கும்னு சொன்னீங்கள்ல. கியரை எடுத்துட்டு இறங்கிட்டேன்."